பின்கட்டு அடுப்பும் பிள்ளைகளின் மூச்சும்

பிழைப்பை நாடித் தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து குடியேறும் குடும்பங்களுக்கு இந்நகரத்து வீடுகளில் முதலில் வியப்பளிப்பது, ஒரே வீட்டில் இரண்டு சமையலறைகள் இருப்பதுதான். முன்பக்கத்து அறையில் மேடை கட்டி எரிவாயு அடுப்பு வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால், இங்குள்ளோர் 'வொர்க் ஏரியா' என்று அழைக்கின்ற பாதி திறந்த கூடத்தில், விறகடுப்பு புகைந்துகொண்டிருக்கும். தேநீர் போடுவதும் பொரிப்பதும் முன்னால்; சோறு வடிப்பதும், குளிப்பதற்கு வெந்நீர் காய்ச்சுவதும் பின்னால். வசதியுள்ள வீடுகளிலும் இதுவே வழக்கமாயிருக்கின்றது.

இவ்வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதைக் கணக்கு காட்டுகின்றது. 2019-21 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, சமையலுக்கு எரிவாயு, மின்சாரம் போன்ற புகையில்லாத எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 82.9, கேரளத்தில் 72.1. அதற்கு முந்திய 2015-16 ஆய்விலோ கேரளத்தின் எண் 57.4 மட்டுமே. எழுத்தறிவிலும், குழந்தை இறப்பைக் குறைத்ததிலும் நாட்டுக்கே முன்மாதிரியாகச் சொல்லப்படுகின்ற மாநிலம், அடுப்பு விஷயத்தில் மட்டும் நம் ஊரைவிடப் பின்தங்கி நிற்கின்றது.

வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தென்னைதான் பெரிய காரணம் என்று தோன்றுகின்றது. வீட்டைச் சுற்றி நான்கு தென்னை நின்றால் மட்டை, பாளை, பன்னாடை, கதம்பை, சிரட்டை என்று விறகு தானாகவே வந்து விழுந்துகொண்டிருக்கும். அதைக் காசு கொடுத்து அப்புறப்படுத்துவதைவிட அடுப்பில் வைப்பது எளிது. போதாக்குறைக்கு, இங்கு உண்ணப்படும் மட்ட அரிசி வேகுவதற்கு நம் புழுங்கலரிசியைவிட அதிக நேரம் பிடிக்கும். சிலிண்டர் விலையை நினைக்கின்ற எந்தக் குடும்பத்தலைவியும் அந்த உலையை விறகடுப்பிற்கு மாற்றுவாள்.

ஓரளவுக்கு இந்த ஏற்பாடு இந்த ஊர்க்காரர்களுக்குத் தாங்கிப் போகின்றது. அடுப்பு இருப்பது பின்கட்டில். சுவரின் ஒரு பாதி கம்பிவலை. பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும் முன்னறைகளில். லாரி பேக்கர் இந்நகரில் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்கள், செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் காற்று எப்போதும் ஊடாடும்படி அவர் எழுப்பிய சுவர்களை மறந்திருக்க மாட்டார்கள். காற்றோட்டம் இந்த ஊர்க் கட்டடங்களின் பழைய குணம்.

ஆனால் நம் குடும்பங்கள் குடியிருப்பது அப்படிப்பட்ட வீடுகளிலா? சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறமும், கரிமடம், செங்கல்சூளை போன்ற குடியிருப்புகளிலும், கட்டட வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வரிசை வீடுகளிலும் ஒரே அறைதான் சமையலறை, படுக்கையறை, பிள்ளைகள் பாடம் படிக்கும் இடம் எல்லாம். பின்கட்டு என்று ஒன்று இல்லை. இந்த ஊர் வழக்கத்தைப் பார்த்து விறகடுப்பு மூட்டுகின்ற தாய், அதை வாசல் திண்ணையிலோ அறையின் மூலையிலோதான் மூட்ட வேண்டியிருக்கின்றது. பரந்த வீட்டின் பின்கூடத்தில் எரிந்து வெளியே போய்விடுகின்ற அதே புகை, பத்தடி அறைக்குள் போக வழியில்லாமல் நின்றுவிடுகின்றது.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழை உண்டு. ஜூனில் தொடங்குவது ஒன்று, அக்டோபர், நவம்பரில் நம் ஊர்ப் பக்கத்து மழை மற்றொன்று. திண்ணையில் எரிந்த அடுப்பு அப்போது உள்ளே வரும். விறகு ஈரம், கதவு சாத்தப்பட்டிருக்கும். சளியும் காய்ச்சலும் பிள்ளைகளைப் பிடிக்கின்ற அதே மாதங்களில் வீட்டிற்குள் புகையும் கூடிவிடுகின்றது. வீடு சந்திப்புக்குச் செல்கின்றபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்கின்ற சகோதரியின் இடுப்பில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தையை எத்தனையோ தடவை காண்கின்றோம். "மழைக்காலம் அல்லவா, சளி பிடித்திருக்கிறது" என்ற விளக்கமும் உடனே வரும். மழையின்மேல் பழி போடுவது எளிது; அது பதில் சொல்வதில்லை.

புகை செய்வது என்ன?

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத துகளே ஆபத்தானது. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்கள் நம் தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுப்பதில்லை. நேராக நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றுவிடும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியையும் கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்ற நுண்ணிய மயிரிழைகள் உண்டு. நாளும் புகை படும்போது அவை சோர்ந்துபோகின்றன. நிமோனியாவை உண்டாக்குவது கிருமிதான். அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பது புகை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கோ, புகை பட்டதுமே மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வந்துவிடும்.

இதில் பிள்ளைகளின் பங்கு பெரியவர்களின் பங்கைவிட அதிகம். வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகின்றார்; பச்சிளங்குழந்தையோ 40 முதல் 60 தடவை. நுரையீரலின் காற்றுப்பைகள் பிறந்த பின்னும் சில ஆண்டுகள் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. நடக்கத் தெரியாத குழந்தை தாய் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். தாய் இருப்பதோ அடுப்பங்கரையில். வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகின்ற தகப்பனுக்கு வீட்டின் புகை எவ்வளவு என்பதே தெரியாமல் போவதுண்டு.

கர்ப்பத்திலிருக்கும் சிசுவும் தப்புவதில்லை. எரிகின்ற விறகிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தாயின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிசுவுக்குப் போவதும் குறையும். வீட்டுப் புகையினால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது.

மூணாறு, வால்பாறை பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லயன் வீடுகளில் அடுப்பு சமைப்பதற்கு மட்டுமன்றிக் குளிர் காய்வதற்கும் எரிகின்றது. கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் உறங்கக் கூடாது. கரியில் புகை தெரியாது; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எழுபது ஆண்டுக்கு மேலான முயற்சி

புகையில்லா அடுப்பு புதிய எண்ணமன்று. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. ராஜு என்பவர், மண்ணால் கட்டிப் புகைக்குழாய் வைக்கின்ற அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான எளியோரின் சமையலறைகளுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். 1953இல் அதை வெளியிட்டது சென்னையிலுள்ள கிறிஸ்தவ இலக்கிய சங்கம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாட்டுப் புத்தகங்களையும் வேத விளக்கங்களையும் அச்சிட்ட அதே நிறுவனம் அடுப்பு கட்டும் முறையையும் அச்சிட்டது.

கேரளத்தில் இம்முயற்சியைக் கையிலெடுத்தது 1962இல் தொடங்கப்பட்ட சாஸ்திர சாகித்ய பரிஷத். 1980களில் அவர்கள் பரப்பிய 'பரிஷத் அடுப்பு' இன்றும் பல வீடுகளின் பின்கட்டில் இருக்கின்றது. அடியில் காற்றுப் புகுவதற்கு வழி, விறகு நன்றாக எரிவதற்குத் தட்டு, கூரைக்கு மேலே செல்லும் குழாய். இவ்வளவுதான் அதன் அமைப்பு. விறகும் குறைவாகச் செல்லும். ஊதாங்குழலுக்கு வேலையும் குறையும். இந்நகரிலேயே தலைமையகம் கொண்ட அனர்ட் என்னும் அரசு நிறுவனமும் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளைப் பரப்பியது. மத்திய அரசு 1980களில் தொடங்கிய தேசிய அடுப்புத் திட்டம் 2002இல் நிறைவுபெற்றது.

அடுப்பைக் கொடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு ஒடிசாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு பதில் சொன்னது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவும் அவரோடு உழைத்தவர்களும் அங்கே புகைக்குழாய் அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதலாம் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு குழாய் அடைத்துக்கொண்டது, அடுப்பு விரிந்தது, பழுது பார்ப்பாரில்லை, பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. ஆரோக்கியத்தில் பயன் எதுவும் தென்படவில்லை. குழாயை மாதந்தோறும் கரி தட்டிச் சுத்தம் செய்யாதவர்கள் புகையில்லா அடுப்பு வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வது வீண். குழாயின் முனை கூரைக்குமேல் உயர்ந்து நிற்காமல் இறவாரத்தின் கீழே முடிந்தால், புகை திரும்பவும் நம் வீட்டுக்கோ அடுத்த வீட்டுக்கோ வந்து சேரும். நெருக்கமான குடியிருப்புகளில் ஒருவர் வீட்டு ஜன்னல் அடுத்தவர் வீட்டு அடுப்புக்கு நேரே இருக்கின்றது என்பதையும் நினைக்க வேண்டும்.

வீட்டுப் புகையைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்குப் பெரும் பங்குண்டு. 2020இல் மரித்த அவர், 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கின்ற பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்த்தார். பின்னர் குவாதமாலா நாட்டின் மலைக் கிராமங்களில் ஏறக்குறைய 530 வீடுகளில் பாதி வீடுகளுக்குப் புகைக்குழாய் அடுப்பு கொடுத்து, குழந்தைகளைக் கவனித்தார். 2011இல் வெளியான முடிவின்படி, குழந்தைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆயினும் மருத்துவர் கண்டறிந்த நிமோனியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்திருக்கின்றது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தமிழகக் கிராம வீடுகளில் சமையல் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து வருகின்றவர். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும், குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு நடந்த பெரும் ஆய்வின் இந்தியப் பகுதி அவருடைய குழுவினுடையது. பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகப் பதினெட்டு மாதம் தரப்பட்டன. தாய்மார் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 70 மைக்ரோகிராம் அளவிலிருந்து 24க்கு இறங்கியது. ஆனால் 2022இலும் 2024இலும் வெளியான முடிவுகளில், குழந்தைகளின் பிறப்பு எடையிலோ, முதல் வயதில் கண்ட கடுமையான நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதை மறைக்காமல் சொல்லுவது அவசியம். சிலிண்டர் வந்த மறுநாளே இருமல் நின்றுவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். அந்த ஆய்வில் எரிவாயு கிடைத்தது கருத்தரித்துச் சில மாதங்களான பிறகு. 24 என்பதும் குறைந்த அளவன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி 5 மட்டுமே. அடுத்த வீட்டுப் புகையும் தெருப் புகையும் எஞ்சியிருக்கின்றன. புகையின் தீங்கு இதனால் பொய்யாகிவிடவில்லை; அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு மற்றப் புகைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் ஆதாயம் குறைவு என்றே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

மற்றப் புகைகள்

தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தையை மடியில் கிடத்தி, தணலில் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து மயிரை உலர்த்துகின்ற வழக்கம் நம் பாட்டிமார் வழியாக வந்தது. சளி பிடிக்காது என்பார்கள். சாம்பிராணியும் எரிந்தால் புகைதான். அதன் மணம் அதைப் பாதுகாப்பானதாக்குவதில்லை. மெல்லிய பருத்தித் துண்டு அந்த வேலையைச் செய்துவிடும். மாமியார் மனம் நோகும் என்று அஞ்சுகின்ற இளந்தாய்மார், டாக்டர் சொன்னார் என்று சொல்லிப் பார்க்கலாம். குழந்தை மருத்துவர் எவரும் அதை மறுக்கப்போவதில்லை.

கொசுவர்த்திச் சுருள் அடுத்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று கண்டது. கதவைச் சாத்திய அறையில், குழந்தையின் தலைமாட்டில், இரவு முழுவதும் அது எரிகின்றது. வலை கட்டினால் கொசுவும் வராது, புகையும் இராது.

கட்டட வேலை செய்யும் சகோதரர்கள் மாலையில் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகின்ற பலகைத் துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்டரிங் பலகையில் எண்ணெய் ஊறியிருக்கும். பழைய ஜன்னல் கட்டையில் பெயின்ட் இருக்கும். பிளைவுட்டைப் பசை வைத்தே ஒட்டியிருக்கின்றார்கள். இவற்றின் புகை வெறும் விறகின் புகையைவிடக் கொடியது. அடுப்புப் பற்றவைக்கப் பால் கவரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதும் அப்படியே. இலவசமாகக் கிடைக்கின்றது என்பதற்காகப் பிள்ளை சுவாசிக்கின்ற காற்றில் அதைக் கலக்க வேண்டுமா?

செய்யக்கூடியவை

ரேஷன் கார்டு ஊரில் இருக்கின்றது, இங்கே வாடகைச் சீட்டு இல்லை, ஆகையால் எரிவாயு இணைப்புக் கிடைக்காது என்று பலர் எண்ணியிருக்கின்றார்கள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்து வாழும் ஏழைக் குடும்பங்கள் ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகத் தாங்களே எழுதித் தரும் உறுதிமொழி போதும் என்ற சலுகை சேர்க்கப்பட்டது. இணைப்பு குடும்பத்தின் பெண் பெயரில் வழங்கப்படும். அருகிலுள்ள விநியோகஸ்தரிடம், இப்போது விண்ணப்பம் வாங்குகின்றார்களா என்று கேட்டறியலாம். அதற்குத் தகுதியில்லாதவர்களுக்கு 2013 முதல் ஐந்து கிலோ சிறு சிலிண்டர் இருக்கின்றது. அடையாள அட்டை ஒன்று போதும். பெரிய சிலிண்டருக்கு ஒரே தடவையில் பணம் புரட்ட முடியாத நாட்கூலிக் குடும்பத்துக்கு இது ஏற்றது.

வாடகை வீட்டில் மின்சாரம் இருந்தால் இன்டக்‌ஷன் அடுப்பையும் நினைத்துப் பார்க்கலாம். கேரளம் 2017 மே மாதத்தில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. வெந்நீர் காய்ச்சுவதற்கென்றே விறகடுப்பை வைத்திருக்கும் வீடுகளில், அதற்கு மாற்றாக இதுவே முதலில் உதவும். பழைய வயரிங் தாங்குமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மண்ணெண்ணெய் ஸ்டவ் இதற்கு மாற்றாகாது. அதையும் புகையுள்ள எரிபொருளாகவே உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கின்றது.

மட்ட அரிசிக்குப் பழகிவிட்ட குடும்பங்களுக்குப் பரிஷத்தார் பரப்பிய இன்னொரு பொருள் 'சூடாறாப்பெட்டி'. உலை கொதித்துச் சிறிது நேரம் ஆனதும் பானையை மூடி, வெப்பம் வெளியேறாத அப்பெட்டிக்குள் வைத்துவிட்டால், அடுப்பு இல்லாமலே சோறு வெந்துவிடும். எரிவாயுவும் மிச்சம், நிற்கின்ற நேரமும் மிச்சம். இந்த ஊர்க்காரர்களிடமிருந்து விறகடுப்பைக் கற்றுக்கொண்ட நாம், இதையும் கற்றுக்கொண்டிருக்கலாம்.

விறகைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள், விறகைப் பிளந்து ஒரு வாரமேனும் உலர்த்தி, அடுப்பை அறைக்கு வெளியே கூரைச் சரிவின்கீழ் வைத்து, அது எரியும் நேரத்தில் கைக்குழந்தையைப் பெரிய பிள்ளையிடமோ அடுத்த வீட்டுப் பாட்டியிடமோ விட்டுவிடலாம்.

தடுப்பூசியை மறக்க வேண்டாம். நிமோனியாவுக்குக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய் ஊசி, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் தொடங்கியது. நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டும் அரசு நிலையங்களில் இலவசம். ஊரில் முதல் ஊசி, இங்கு வந்தபின் ஒன்றுமில்லை என்ற நிலையில் இருக்கின்ற பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இளைப்புக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதித் தந்தால், பழக்கமாகிவிடும் என்று பயந்து அலமாரியில் வைத்துவிடுகின்றவர்கள் பலர். அது பழக்கமாவதில்லை. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமாகின்றது.

இருமலும் சளியும் உள்ள குழந்தைக்கு நிமோனியா இருக்கக்கூடுமா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் வயிறும் மார்பும் எழும்பி அடங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமற் போனாலோ, வலிப்பு கண்டாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் எந்த அடுப்பு எரிகின்றது, குழந்தை எங்கே உறங்குகின்றது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.